மூன்று வரை எண்ணிய குரல்

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கோவிலுக்குக் குடை இரண்டு. கம்பி ஒடிந்தது எனக்கு.

எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம், 29 புதன். பாஸ்டர் ஐயா "பியூலா ஜெபமலர்" என்று என் முழுப் பெயரையும், கூமாப்பட்டி சாமுவேல் என்று சாமின் பெயரையும் சேர்த்து வாசித்ததும் காது சூடாகிவிட்டது. "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்" என்று அவர் நிறுத்திய இடத்தில் பின்வரிசையில் ஒரு குழந்தை இருமியது. அம்மா திரும்பி அந்தக் குழந்தையை முறைத்தாள்.

மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபம். முதல் பிறந்தநாள். டெக்கரேஷன் நாங்கள். (பத்மா அக்கா முதலாளி. வேலை பூராவும் நான்.) மைக் செட் சாம். முந்நூறு பலூனுக்கு முடிச்சுப் போட்டதில் விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டும் வரவில்லை. நிச்சயதார்த்த மோதிரம், புறா செதுக்கியது, சாமின் பெரியம்மா கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. மோதிரத்தோடு பலூன் உடைப்பது எனக்குப் பிடிக்காது. விளிம்பு பட்டால் நாம் நினைக்கும் முன்னே வெடித்துவிடும். வேறு வழியில்லை, அப்படியே உடைத்தேன்.

விசேஷம் முடிந்ததும் ஒரு பலூன் மிச்சமில்லாமல் உடைத்து அள்ளிக்கொண்டு போக வேண்டும், மண்டபத்துச் சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன் அதை விளையாட்டாக வீடியோ எடுத்துப் போட்டோம். அதுதான் சேனல் ஆகிவிட்டது. என் கை மட்டும், முகம் கிடையாது. சாம் அவன் போனில் எடுப்பான், கல்யாணங்களுக்கு வைக்கும் நல்ல மைக்கைப் பலூன் பக்கத்தில் வைப்பான். எல்லாம் உடைத்த பிறகு கடைசியில் மூன்றடி பலூன் ஒன்று. அதற்கு மட்டும் "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று எண்ணுவான். மூணில் நான் குத்துவேன்.

இன்று ரெண்டு சொல்லிவிட்டு வேண்டுமென்றே இழுத்தான். "ஏலே, கை வலிக்கு, சொல்லித் தொலை" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது. இருக்கட்டும், நன்றாக இருக்கிறது.

வாங்க: தையல்காரரிடம் ரவிக்கை. குண்டூசி. ஊதுகிற மெஷினுக்கு ஒயர். சர்க்கரை (அம்மா மூன்று தரம் சொல்லிவிட்டாள்).


அக்டோபர் 7, செவ்வாய்

நல்ல வெயில். துணி காய்ந்தது. ரவிக்கை இன்னும் தைக்கவில்லை. "நாளைக்கு வாம்மா" என்கிறார், அவருடைய நாளை எது என்று தெரியவில்லை.

நாற்பத்து மூன்றாவது வீடியோ போட்டேன். சண்டை உடனே ஆரம்பம்.

என் வீடியோவைப் பார்க்கும் இந்தப் பலூன் ஆட்கள் ஊருலகமெல்லாம் இருக்கிறார்கள். இரண்டு கட்சி. உடைக்கிற கட்சி, உடைக்காத கட்சி. உடைக்கிறவர்களுக்குச் சத்தம் வேண்டும். உடைக்காதவர்களுக்குப் பலூன் முழுசாக இருக்க வேண்டும், ஊதி நிற்பதைப் பார்த்தாலே போதும், வெடித்தால் கண்ணீர் விடுகிறார்கள். பின்னே எதற்கு என் சேனலுக்கு வருகிறீர்கள் என்று ஒரு தரம் கேட்டேன். சாம் "ரெண்டு" சொன்னதும் வீடியோவை நிறுத்திவிடுவார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பலூன் அவர்களைப் பொறுத்தவரை உடையவே இல்லை. சாமிடம் சொன்னேன். "அப்ப நான்தான் அவியளுக்குச் சிக்னல் லைட்டு" என்று ஒரு வாரம் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

அந்தக் கட்சியில் ஒரு பெரியவர் உண்டு. பனி பெய்கிற ஊர். மஞ்சள் பலூனை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஒவ்வொரு வீடியோவிலும் எழுதுவார். மஞ்சள்காரர் என்று நானும் சாமும் பெயர் வைத்திருக்கிறோம். இன்றும் எழுதியிருக்கிறார், "பெண்ணே, மோதிரம் அழகு, வாழ்த்துகள்" என்று. எங்கள் சபையில் பாதிப் பேர் இன்னும் இதைச் சொல்லவில்லை.

காலைக் காட்டு, முகத்தைக் காட்டு என்று அசிங்கமாகக் கேட்கிறவர்களும் உண்டு. கேட்ட உடனே பிளாக். அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று தெரியாத பாப்பா இல்லை நான். ஆனால் என் வீடியோவில் கை, பலூன், மண்டபம். வேறொன்றும் கிடையாது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். நாள் முழுக்க அக்காவிடமும் விசேஷ வீட்டாரிடமும் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் டமார் என்று ஒன்று. அவ்வளவுதான்.


அக்டோபர் 9, வியாழன்

கடையில் பலூனுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு சாம் போன்.

"ஏட்டி, பெரியப்பா மகன் சென்னையிலேருந்து ஒரு கிளிப் அனுப்பிருக்கான். உன் கை."

யாரோ என் வீடியோவில் பன்னிரண்டு விநாடி வெட்டி, சத்தத்தை எடுத்துவிட்டு, வேறெங்கோ கேவலமான தலைப்பில் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. மோதிரம் பளிச்சென்று. பெரியம்மா பார்த்த உடனே, "இது நான் எடுத்த மோதிரம்லா" என்றாளாம். சாமுக்கு அப்பா இல்லை, பெரியப்பா சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். கல்யாணத்தை நிறுத்து என்கிறாராம்.

கையிலிருந்த பலூன் காற்று கூடி முகத்துக்கு நேரே வெடித்தது. பத்மா அக்கா "அய்யோ ராமா" என்று காதைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சத்தமே கேட்கவில்லை.

மோதிரம் இப்போது சுலபமாகக் கழலுகிறது. சனியன்.


அக்டோபர் 10, வெள்ளி

சாம் கடைக்கு வந்தான். சவரம் செய்யவில்லை. பத்மா அக்கா டீ வாங்கப் போவது போல் வெளியே போனாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பாஸ்டர் ஐயா வீட்டில் இரண்டு குடும்பமும் பேச வேண்டுமாம். இவர் எங்கள் பாஸ்டர் இல்லை, வயதானவர், இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆள்.

"நீ வந்து சொல்லு சாம். ரெண்டு பேரும் சேந்துதான் எடுத்தோம், இதுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. போதும்."

"சொல்வேன். அதுக்குத்தான் வந்தேன். செத்த நேரம் நான் சொல்றதக் கேளு. அந்தக் கிளிப்புல சத்தம் இல்ல. என் குரல் இருக்கதே அவியளுக்குத் தெரியாது. ஆனா பெரியப்பா மகன் ரெண்டு நாள்ல சேனலைத் தேடிப் பிடிச்சிருவான். என் குரலைக் கேட்டாம்னா நானும் கூட்டுன்னு ஆயிரும். பொறவு நான் உனக்காகப் பேசினா எடுபடுமா? குரல் இல்லைன்னா நான் வெளியாளா நின்னு பேசலாம்லா."

"அதுக்கு?"

"எண்ணுறத மட்டும் எடுத்துரு. எல்லாத்துலயும்."

யோசித்தேன். சரியாகத்தான் பட்டது. அவன் போனிலிருந்த ஒரிஜினல் எல்லாவற்றையும் நேற்றே அழித்துவிட்டானாம். "நீயும் ஒண்ணும் வச்சுக்காத" என்றான்.

"பேசுவியா?"

"என்னட்டி இப்படிக் கேக்க. நான் பேசாம யாரு பேசுவா?"

டீ ஆறிப்போய் வந்தது. அவன் குடிக்காமல் போய்விட்டான். நான் இரண்டையும் குடித்தேன்.


அக்டோபர் 11, சனி

லீவு போட்டேன். அம்மா பேண்டேஜ் மில்லுக்குப் போன பிறகு எட்டரைக்கு உட்கார்ந்தேன். வீடியோவைத் திற, கடைசிக்குப் போ, எண்ணும் இடத்தைக் குறி, வெட்டு, சேமி. "இதைத் திரும்பப் பெற முடியாது, நிச்சயமா?" என்று ஒவ்வொரு தரமும் கேட்கிறது. நிச்சயம். நிச்சயம். நாற்பத்து மூன்று தரம் நிச்சயம்.

குரலை வெட்ட வேண்டுமானால் அந்தக் குரலை முதலில் கேட்க வேண்டும். இதை நான் யோசிக்கவில்லை.

6: சளி பிடித்த குரல். "ரெண்டு" சொல்வதற்குள் தும்முகிறான்.
11: வத்திராயிருப்பு பஸ் ஹாரன், "மூணு" அமுங்கிவிட்டது, நான் உடைக்காமல் நிற்கிறேன்.
15: மெதுவாக, தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருந்ததால்.
19: கோபம். அன்று சண்டை. எதற்கென்று ஞாபகமில்லை.
26: இதைத் தனியாக எழுத வேண்டும்.

26-இல் அவன் மூணு சொல்லவே இல்லை. "ஒண்ணு... ரெண்டு... நாளைக்கு எங்க வீட்ல நம்ம விஷயத்தப் பேசப் போறேன்." நான் திடுக்கிட்டு உடைத்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம், அவன் கை ஆடி மண்டபத்து மின்விசிறி தெரிகிறது. அந்த வீடியோவுக்கு ஒருவர், "இரண்டுக்கு அடுத்த அந்த நீளமான எண் என்ன?" என்று கேட்டிருந்தார். நாற்பது என்று பதில் போட்டிருந்தேன்.

அதைக் கடைசிக்கு வைத்தேன். மற்ற நாற்பத்திரண்டும் முடிந்தபோது மணி நான்கு. சோறு வைக்கவில்லை. 26-ஐ ஆறு தரம் கேட்டேன். ஏழாவது தரம் வெட்டினேன். நிச்சயமா? ஆமாம் போ.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: முடிந்தது. கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினான்.

அம்மா வந்து, "கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு" என்றாள். லேப்டாப் என்றேன்.


அக்டோபர் 12, ஞாயிறு

இரண்டாம் ஓலை. எங்கள் கோவிலில் வாசித்தார்கள். கூமாப்பட்டியில் வாசிக்கவில்லை, செவ்வாய் முடியட்டும் என்று பெரியப்பா நிறுத்தி வைத்திருக்கிறார். அம்மாவுக்கு நேற்று ராத்திரிதான் கிளிப் விஷயத்தைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "பலூன உடைக்கிறத எதுக்குட்டி பாக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். விளக்கப் பார்த்தேன், எனக்கே குழப்பமாகிவிட்டது.

தடை அறிந்தவர்கள் என்று இன்று பாஸ்டர் நிறுத்தியபோது யாரும் இருமவில்லை. இருமியிருக்கலாம்.

நல்ல மழை. பிளவக்கல் அணைக்குத் தண்ணீர் வருகிறதாம். கூமாப்பட்டிக்காரர்களுக்குச் சந்தோஷம்.


அக்டோபர் 14, செவ்வாய்

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

பன்னிரண்டு மணிக்கு பாஸ்டர் ஐயா வீடு. நானும் அம்மாவும் ஒரு பக்கம். எதிரே பெரியப்பா, பெரியம்மா, சாம். சாமின் அம்மா வரவில்லை, கால் வலியாம். பாஸ்டர் ஐயா சின்ன ஜெபம் செய்தார். தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் குடிக்கவில்லை.

பெரியப்பா போனை மேசையில் வைத்தார். "வெளிநாட்டுல இதப் பாக்கதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்காம் ஐயா. எதுக்குப் பாக்காங்கன்னு நான் பொம்பளைங்க இருக்க இடத்துல சொல்ல மாட்டேன். எங்க வீட்டு மோதிரத்தப் போட்டுக்கிட்டு இந்தப் பிள்ளை அந்தக் கூட்டத்துக்கு ஆட்டங் காட்டிருக்கு."

"ஆட்டம் ஒண்ணும் காட்டல" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். "மண்டபத்த ஒதுக்குறப்ப பலூன உடைக்கோம். அதத்தான் போட்டேன். அசிங்கமா கேட்டவன் எவனையும் நான் விட்டு வைக்கல."

"அப்ப கேக்கிறவன் இருக்காங்கிறது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

பெரியம்மா "ஏசப்பா" என்றாள்.

பெரியப்பா சாம் பக்கம் திரும்பினார். "ஏலே. இந்தப் பிள்ளை இதெல்லாம் பண்ணுதுன்னு உனக்கு முன்னமே தெரியுமா?"

இதுதான் இடம். இப்போது பேசுவான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாது பெரியப்பா."

பாஸ்டர் ஐயா, "தம்பி, நிதானமா யோசிச்சுச் சொல்லு" என்றார். நல்ல மனுஷர். அவர் ஒரு வழி விட்டார், நான் பார்த்தேன். சாமும் பார்த்தான்.

"தெரியாது ஐயா. அந்தக் கிளிப்பப் பாத்ததும் எனக்கே அருவருப்பா இருந்துச்சு."

அருவருப்பு. அந்த வார்த்தையை அவன் வாயில் அதுவரை நான் கேட்டதில்லை.

சுவரில் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டரை. பாஸ்டர் ஐயா என்னிடம் திரும்பி, "ஏம்மா, தம்பிக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்றார். சாம் அப்போதுதான் என்னைப் பார்த்தான். இரண்டு காதும் சிவந்து, பரீட்சையில் பிட்டோடு பிடிபட்டவன் முகம். போனைத் திறந்து காட்டலாம் என்று கை போனது. எதைக் காட்ட? நாற்பத்து மூன்றிலும் நான்தானே வெட்டினேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, சோறு தின்னாமல், ஒன்று விடாமல்.

"அவியளுக்குத் தெரியாது ஐயா" என்றேன்.

பாஸ்டர் வீட்டில் உட்கார்ந்து பொய் சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். எனக்கு அவனைப் பிடிக்கும். அந்த நேரத்திலும் பிடித்தது. அதுதான் கேவலம்.

பொறவு என்ன, கல்யாணம் இல்லை என்று பெரியப்பா சொன்னார். மோதிரத்தை அங்கேயே கழற்றி மேசையில் வைத்தேன். பெரியம்மா அதைக் கைக்குட்டையில் சுற்றினாள்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம். கொஞ்ச தூரம் போனதும், "வீட்ல நீ வீடியோ போட்டுப் பாப்பியே, அதுல ஒருத்தன் எண்ணுவானே. அது அவன் குரல்தான?" என்றாள்.

"ஆமா."

"சொல்ல வேண்டியதுதான?"

"அழிச்சுட்டேம்மா. அவன்தான் அழிக்கச் சொன்னான்."

ராஜபாளையம் வந்தது. இறங்கும்போது என் பையையும் அவளே தூக்கிக்கொண்டாள்.


அக்டோபர் 15, புதன்

காலை 7.10. சாமிடமிருந்து செய்தி. ஒரே வார்த்தை. "தேங்க்ஸ்."

பத்து தரம் பார்த்தேன். கீழே வேறு ஏதாவது வரும் என்று. வரவில்லை.

நேற்றுகூட இவ்வளவு அழவில்லை.


அக்டோபர் 17, வெள்ளி

வேலைக்குப் போனேன். மூட்டம், மழை இல்லை. சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு வளைகாப்பு. பச்சையும் தங்கமும்.

பத்மா அக்கா காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தாள். "நான் வந்து சொல்றேன். ரெண்டு வருஷமா அவன் மைக்கத் தூக்கிக்கிட்டு உன் பின்னாடி அலைஞ்சத எம்புட்டு மண்டபக்காரன் பாத்திருக்கான். நாலு பேரக் கூட்டிக்கிட்டுக் கூமாப்பட்டிக்கே போவோம், வா."

"வேண்டாம் அக்கா. தெரியாதுன்னு நானே சொல்லிட்டேன்."

"நீ எதுக்குச் சொன்ன?"

"அவன் மூஞ்சியப் பாத்தேன்."

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள். வளைகாப்புப் பெண் திரும்பிப் பார்த்தாள். அக்கா குரலை இறக்கி, "போனீ பிள்ளே, போனீ" என்று என் தலையைத் தடவினாள். போகட்டும் விடு என்று தெலுங்கில். அவள் தெலுங்கு பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விசேஷம் முடிந்து உடைக்கிற வேலை அக்காவே செய்தாள். மைக் செட்டுக்கு வேறு ஆள் வந்திருந்தார்.

தையல்காரர் போன் செய்தார். ரவிக்கை தயாராம்.


அக்டோபர் 19, ஞாயிறு

போகாதே என்றாள் அம்மா. போனேன். ஒளிந்துகொள்ள நான் என்ன திருடினேனா.

மூன்றாம் ஓலை. வேறு ஒரு ஜோடிக்கு வாசித்தார்கள், பையன் கான்சாபுரம். என் பெயர் வர வேண்டிய இடத்தில் பாஸ்டர் ஐயா தாளைத் திருப்பிவிட்டு அறிவிப்புகளுக்குப் போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று பின்னாலிருந்து நன்றாகத் தெரிந்தது.

கூமாப்பட்டியில் என்ன அறிவித்தார்களோ. சாம் எந்த வரிசையில் உட்கார்ந்தானோ. இதை யோசிக்கிறேன் பார், வெட்கமே இல்லை எனக்கு.


அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடியுமுன்னே வெடி. பக்கத்து வீட்டு அதிரசம் வந்தது, மூன்று தின்றேன். நாள் பூராவும் டமார் டமார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மனசு தானாக எண்ணுகிறது. ரெண்டு வரைக்கும் வந்து நிற்கிறது.

அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய சர்க்கரையை எடுத்து வைத்துக் கேசரி கிண்டினாள். சர்க்கரையை விட்டுவிட்டு உப்பைப் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கரண்டி தின்றோம்.


அக்டோபர் 22, புதன்

மழை. வேலை இல்லை. சேனலை அழித்துவிடலாம் என்று காலையில் திறந்தேன்.

எழுபதுக்கு மேல் கமெண்ட். பலூன் ஆட்களுக்குள் பெரிய கலவரமே நடந்திருக்கிறது. உடைக்காத கட்சிக்காரர்கள் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரெண்டு வரும், நிறுத்தலாம் என்று காத்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை இல்லாமல் வெடித்திருக்கிறது. ஒரு பெண் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாளாம். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று கீழே கீழே போனேன். மஞ்சள்காரர் நீளமாக எழுதியிருந்தார். ஆங்கிலம்தான், அவருக்கும் எனக்கும் அரைகுறை.

"பெண்ணே, எல்லா வீடியோவையும் இந்த வாரம் மறுபடி பார்த்தேன். எண்ணுகிற மனிதரின் குரல் ஒன்றிலும் இல்லை. எங்கள் குழுவில் எல்லோரும் இதைப் பற்றியே பேசுகிறோம். கேட்பதற்குத் தயக்கமாக இருக்கிறது. ஒருவேளை அவர் இறந்துவிட்டாரா? அதனால் அவர் குரலைக் கேட்க உனக்குத் தாங்கவில்லையா? அப்படியென்றால் எங்களை மன்னித்துவிடு, சண்டை போட்டதற்கு. உங்கள் மொழியில் மூன்று வரை எண்ண அவரிடம்தான் நாங்கள் படித்தோம்."

அதற்குக் கீழே ஒவ்வொருவராக. ஒண்ணு ரெண்டு மூணு என்று ஆங்கில எழுத்தில், தப்பும் தவறுமாக. ஒருவர் நாற்பது என்று எழுதி, பக்கத்தில் மெழுகுவர்த்திப் படம் போட்டிருந்தார்.

இல்லை ஐயா, நன்றாக இருக்கிறார், கூமாப்பட்டியில் சோறு தின்றுகொண்டிருப்பார் என்று எழுத ஆரம்பித்தேன். பாதியில் அழித்தேன். ஆமாம், இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பினேன்.

மஞ்சள்காரர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். உடனே கேட்டார், எப்போது என்று.

அக்டோபர் 14, செவ்வாய், மத்தியானம் பன்னிரண்டரைக்கு என்று எழுதினேன். நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்றும் எழுதினேன்.